மாமாவுக்கு ஏன் இவ்ளோ கோவம்?

அண்ணா வணக்கம்,

உங்க பதில்கள ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், எழுதுறது இதான் மொதல் தடவ. எனக்கு ஊரு பேரணாம்பட்டு, கல்யாணமாகி இப்ப காட்பாடில இருக்கேன். எட்டு மாசத்துல ஒரு பொண்ணு இருக்கா. அப்பா நான் சின்னதா இருக்கும்போதே தவறிட்டார், கூடப்பொறந்தவங்களும் இல்ல. என்ன படிக்க வச்சது எங்கம்மாவோட அண்ணன், என் மாமா. இருபது வருஷத்துக்கு மேல தோல் கம்பெனில வேல செஞ்சவர்.

போன மாசம் ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு போட்டார். ஒம்போதாவது மாசம் போடுற அம்ம ஊசி, பொம்பள புள்ளைங்களுக்கு பின்னாடி கொழந்தயே பொறக்கக்கூடாதுன்னு வெளிநாட்டுக்காரன் போட்ட திட்டம்னு அதுல இருந்துச்சு. நான் "யார் சொன்னது மாமா, ஆதாரம் இருக்கா? சதியெல்லாம் சும்மா கட்டுக்கத"ன்னு ஒரு சிரிக்கிற ஸ்மைலியோட போட்டேன். அவ்ளோதான். "உனக்கு எவன் காசு குடுக்கறான்"னு கேட்டுட்டு குரூப்ப விட்டே போயிட்டார். அடுத்த மாசம் பாப்பாவுக்கு காதுகுத்து, எனக்கு அண்ணன் தம்பி இல்லன்றதால மாமா மடியிலதான் உக்கார வைக்கறதா இருந்தோம், இப்ப வரவே மாட்டேன்றார்.

எனக்கு ஒண்ணுதான் புரியல. அவர் பக்கம் உண்ம இருந்தா பொறுமையா எடுத்து காட்டலாமே, ஏன் இவ்ளோ கோவம்? அவருக்கே உள்ளுக்குள்ள சந்தேகம் இருக்கறதாலயா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி

—

அன்புள்ள தங்கச்சி,

லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல உங்க கடைசி கேள்விக்கே வந்துடறேன். உள்ளுக்குள்ள சந்தேகம் இருக்கறவன்தான் கத்துவான்னு நெறைய பேர் சொல்லுவாங்க, சில பேர் விஷயத்துல அது சரியாவும் இருக்கலாம், ஆனா உங்க மாமா விஷயத்துல எனக்கு அது சரியா படல. அவர் நெஜமா நம்பறார், அதனாலதான் கோவம். அவர் எடத்துல நின்னு பாருங்க. தான் தூக்கி வளத்த பொண்ணு, அவளோட கொழந்த, அந்த கொழந்த கெணத்தாண்ட தவழ்ந்து போகுது, இவர் "ஐயோ புடி"ன்னு கத்தறார், நீங்க சிரிச்சிகினே "கெணறு இருக்கறதுக்கு ஆதாரம் இருக்கா மாமா"ன்னு கேக்கறீங்க. கெணறு அங்க இல்லன்றது நமக்கு தெரியும், அவருக்கு தெரியாது. அவருக்கு வந்தது பயம், நீங்க பாத்தது கோவம்.

இன்னொன்னும் இருக்கு, இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும். சாதாரண பேச்சுல ஒருத்தர் இல்லன்னு சொன்னா அது வெறும் இல்ல, அவ்ளோதான். பாலாத்துல தண்ணி கடைசியா கரபொரண்டு ஓடனது எந்த வருஷம்னு ரெண்டு பேர் டீக்கடைல அடிச்சிப்பாங்க, டீ குடிச்சிட்டு ஒண்ணா போவாங்க. ஆனா சதிக்கதைன்றது அப்டி கெடையாது, "இத மறைக்கறாங்க"ன்றது அந்த கதைக்குள்ளயே இருக்கு, அப்ப இல்லன்னு சொல்றவன் யாரு? ஒண்ணு ஏமாந்தவன், இல்லன்னா மறைக்கறவன் கூட்டாளி. மூணாவதா ஒரு நாற்காலி அங்க போடவே இல்ல. "உனக்கு எவன் காசு குடுக்கறான்"ன்றது உங்க மாமா யோசிச்சி கேட்ட கேள்வி இல்லம்மா, ஃபார்வர்டோடயே சேந்து வந்தது.

இது எவ்ளோ தூரம் போகும்னா, 2012 டிசம்பர் 14 அமெரிக்காவுல நியூடவுன்னு ஒரு ஊர்ல, சாண்டி ஹூக் ஸ்கூல்ல ஒருத்தன் துப்பாக்கியோட பூந்து 20 கொழந்தைங்களையும் 6 பெரியவங்களையும் சுட்டு கொன்னான். அலெக்ஸ் ஜோன்ஸ்னு ஒருத்தர் இது முழுக்க நாடகம், துப்பாக்கிய தட செய்யறதுக்கு கவர்மெண்ட்டு போட்ட வேஷம்னு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பேசினார். கேட்டவங்க என்னா பண்ணாங்க தெரியுமா, புள்ளய பறிகொடுத்த அப்பா அம்மாவ நடிகருங்கன்னு திட்டினாங்க, கொல மிரட்டல் விட்டாங்க, ஒரு அப்பாவ மிரட்டனதுக்காக 2017ல ஒரு பொம்பள ஜெயிலுக்கே போனாங்க. 2022ல கோர்ட்டுங்க அலெக்ஸ் ஜோன்ஸ் அந்த குடும்பங்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல குடுக்கணும்னு சொன்னது. நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், செத்த கொழந்தையோட அப்பா மேல எப்டி ஒரு மனுஷனுக்கு வெறுப்பு வரும்னு. அந்த அப்பா வாதம் பண்ணவே வேணாம், அவர் அழுதுகினு நிக்கறதே அந்த கதைக்கு எதிர் சாட்சி, அதான் வெறுப்பு.

அமெரிக்கா எதுக்கு, நம்ம பழைய வட ஆற்காடுலயே நடந்திருக்கு. 2018 மே மாசம், போளூர் பக்கம் அத்திமூர். புள்ள புடிக்கற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸப்புல வீட்டுக்கு வீடு ஓடிகினு இருந்த நேரம். சென்னைல இருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்கு கார்ல வருது, வழி கேக்க நிறுத்தறாங்க, அங்க வெளயாடிட்டு இருந்த பசங்களுக்கு சாக்லேட் குடுக்கறாங்க. 65 வயசு அம்மா ஒருத்தர அடிச்சே கொன்னுட்டாங்க, கூட வந்தவங்களுக்கும் பலத்த அடி. நம்ம ஊர்ல வயசானவங்க கொழந்தய பாத்தா முந்தானைல முடிஞ்சி வச்ச முட்டாய எடுத்து குடுக்கறது எவ்ளோ சாதாரணம், அன்னிக்கு அதுவே ஆதாரமா ஆயிடுச்சு. அந்த கூட்டத்துல ஒருத்தருக்காவது "இவங்கள பாத்தா அப்டி தெரியலயே"ன்னு தோணியிருக்கும்னு தான் நான் நெனைக்கறேன். வாய தொறந்தா அவனையும் அந்த கும்பல் ஆளுன்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சிதான் நின்னிருப்பான். இத எழுதும்போது கூட எனக்கு கை நடுங்குது தங்கச்சி. ஊர்ல சந்தேகப்படறவன் வாய அடச்சிட்டா கடைசில இங்கதான் வந்து நிக்கும்.

சரி, உங்க மாமாவுக்கு வரேன். உங்க மாமா அத்திமூர் கூட்டம் இல்ல, தயவுசெஞ்சு அப்டி பாக்காதீங்க. நான் பண்ண தப்ப சொன்னா உங்களுக்கு புரியும். 2017 பிப்ரவரில இதே தட்டம்ம-ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்ம) ஊசிய தமிழ்நாடு முழுக்க ஒம்போது மாசத்துல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் ஸ்கூல்ல வச்சி போட்டாங்க, ஞாபகம் இருக்கும். அப்பவும் இதே ஃபார்வர்டுங்கதான், பெத்தவங்க பயந்து புள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பாம விட்டு, சொன்ன தேதிக்குள்ள முடியாம நாள நீட்டிச்சாங்க. எங்க ஏரியா ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங், என்னயும் பேச கூப்ட்டாங்க. புக்கு பைண்டிங் பண்ற என் கூட்டாளி ஒருத்தர், முப்பது வருஷ பழக்கம், எழுந்து இதெல்லாம் நம்ம ஜனத்தொகைய கொறைக்கற வேலன்னு பேசினார். நான் மைக்க புடிச்சி ஒவ்வொரு பாயிண்ட்டா ஒடச்சேன். ஒடச்சது தப்பில்ல, நடுவுல அவர் ஒரு வார்த்தைய தப்பா உச்சரிச்சத எடுத்து சொல்லி சிரிச்சேன், சபையும் சிரிச்சது. ரெண்டு வருஷம் அவர் எங்கூட பேசல. அப்புறம் ஒரு சாவு வீட்டுல பக்கத்து பக்கத்துல உக்காந்திருந்தப்ப அவராத்தான் சொன்னார்: "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலபா. எங்க தெருவுல எது வந்தாலும் என்னாண்டதான் வந்து கேப்பாங்கோ, இது நெஜமாண்ணான்னு. அவங்கோ எதிர்க்க என்ன சிரிச்சிட்ட பாரு, அதான்."

அந்த வார்த்தைய நான் மறக்கவே இல்ல. நாலு எழுத்து படிக்காத மனுஷனுக்கு அந்த செய்தி ஒரு மரியாதைய குடுத்திருக்கு, டாக்டருக்கும் கலெக்டருக்கும் தெரியாத ஒண்ணு தனக்கு தெரியும், நாலு பேர தான் காப்பாத்தறோம்னு. நாம செய்தியதான் தட்டி வுடறோம்னு நெனைக்கறோம், கூடவே அந்த ஆளோட எடத்தயும் சேத்து தட்டி வுட்டுடறோம். நீங்க போட்டது ஒரு ஸ்மைலி, ஆனா குரூப்ல சம்பந்தி வீட்டு ஆளுங்க, சின்ன பசங்க எல்லாம் இருந்திருப்பாங்க இல்ல?

இன்னொரு விஷயம், "சதியெல்லாம் கட்டுக்கத"ன்னு எழுதினீங்க பாருங்க, அது உண்மையும் இல்ல. அத போயும் போயும் பேரணாம்பட்டுல இருபது வருஷம் தோல் வேல செஞ்சவர்கிட்ட சொல்லியிருக்கீங்க. அந்த பக்கத்து கெணறுங்க கலர் மாறினது, பயிர் வச்சா கருகினது, கால் வெடிப்புல ரசாயனம் பட்டு புண்ணானது எல்லாம் அந்த தலமொற கண்ணால பாத்தது. தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க சொன்னத வருஷக்கணக்கா யாரும் காது குடுத்து கேக்கல. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991ல போட்ட கேஸ்ல, 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிதான், தோல் தொழில் நடக்கற பகுதில ஏறக்கொறைய 35,000 ஹெக்டேர் நெலம் பயிருக்கு லாயக்கில்லாம போச்சுன்றது நாடு முழுக்க தெரிஞ்சது, நாசம் பண்ணவன்தான் சரி பண்ற செலவையும் ஏத்துக்கணும்னு ஆச்சு. அதாவது சந்தேகப்பட்ட ஜனங்க சொன்னது சரி. இத பாத்த மனுஷன்கிட்ட ஒரு நாள் கவர்மெண்ட்டு ஊசியோட வந்து "பயப்படாத, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா அவருக்கு எந்த குரல் காதுல விழும்? நீங்க ஆதாரம் கேட்டப்ப அவருக்கு உங்க குரல் கேட்டிருக்காது, அந்த காலத்துல "உனக்கு இன்னாயா தெரியும்"னு கேட்டவன் குரல்தான் கேட்டிருக்கும்னு எனக்கு படுது. இது என் ஊகம்தான், நீங்க தான் கேட்டு பாக்கணும்.

காலைல வேலூர் கோட்டைல நடக்கும்போது இது மாதிரி நெறைய தோணும். 1806ல இங்க கிழக்கிந்திய கம்பெனிக்காரன் சிப்பாய்ங்களுக்கு குடுத்த புது தலப்பாகைல தோல் பட்ட வச்சிருக்கான், நெத்தில இருக்கறத அழிக்க சொல்றான், நம்மள மதம் மாத்தத்தான் இதெல்லாம்னு சிப்பாய்ங்க சந்தேகப்பட்டாங்க. மே மாசம் மறுத்தவங்கள்ல ரெண்டு பேருக்கு கசையடி குடுத்து வேலய விட்டே அனுப்பினான் கம்பெனிக்காரன். சந்தேகம் போச்சா? ரகசியமா உள்ள போயி ஜூலை 10 விடியக்காலைல கலகமா வெடிச்சது. அதுக்கு முன்னாடி ஜூன்லயே முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய் இப்டி ஒரு திட்டம் நடக்குதுன்னு வெள்ளக்கார அதிகாரிகிட்ட போயி சொல்லிட்டான், விசாரிக்க உக்கார வச்ச நம்மூரு அதிகாரிங்க இவனுக்கு பைத்தியம்னு சொல்லிட்டாங்க, தூக்கி உள்ள போட்டான். நெஜமான சதின்னா இப்டித்தான் இருக்கும், எங்கயோ ஒருத்தன் வாய தொறந்துடுவான், ஒரு கோட்டைக்குள்ளயே அத மூடி வைக்க முடியல. ஊசி விஷயத்துல ஒவ்வொரு நாட்டுலயும் லட்சக்கணக்கான நர்ஸும் டாக்டரும் சேந்து வாய மூடிகினு, தங்க சொந்த புள்ளைங்களுக்கும் அதையே போட்டுகினு இருக்கணும். இத மாமாகிட்ட சொல்லலாம், ஆனா சதியே கெடையாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

பேச்சு கொடுத்தா மாறுவாங்களான்னு கேப்பீங்க. 2024ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சதிக்கதைய நம்பற 2,000 பேருக்கு மேல ஏஐயோட பேச வச்சாங்க, சராசரியா நம்பிக்கை அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுது, ரெண்டு மாசம் கழிச்சும் அப்டியே இருந்துச்சு. முழுசா போகல, அத கவனிங்க. எனக்கு அதுல முக்கியமா பட்டது, அது பொதுவா அட்வைஸ் பண்ணல, அந்தந்த ஆள் சொன்ன அந்தந்த காரணத்துக்கே பதில் சொல்லிச்சு, பாத்து சிரிக்கல, சொந்தக்காரங்க யாரும் சுத்தி நின்னு வேடிக்க பாக்கல.

உங்க மாமா சொன்ன காரணம் என்னா, பின்னாடி கொழந்த பொறக்காது. தட்டம்ம ஊசி நம்ம நாட்டு அரசாங்க திட்டத்துல 1985ல இருந்தே இருக்கு. நீங்க கொழந்தயா இருந்தப்ப உங்களுக்கும் போட்டிருப்பாங்க, யார் தூக்கிகினு போனாங்கன்னு அம்மாகிட்ட கேளுங்க, அப்பா இல்லாத வீட்டுல மாமாவாதான் இருக்கும். அந்த ஊசிய போட்டுக்கிட்ட பொண்ணுக்கு பொறந்த கொழந்ததான் இப்ப அவர் மடில உக்கார போறது. ரூபெல்லாவ எடுத்துக்கிட்டா அந்த ஃபார்வர்டு சொன்னதுக்கு நேர் எதிர், மாசமா இருக்கற பொண்ணுக்கு ஆரம்ப மாசங்கள்ல அது வந்தா கரு கலையலாம், இல்ல கொழந்தைக்கு கண்ணு, காது, இதயம்னு அடி வாங்கும், அது வராம இருக்கத்தான் இந்த ஊசியே.

இத குரூப்ல எழுதாதீங்க. நேர்ல போங்க, பாப்பாவ தூக்கிகினு போங்க, காதுகுத்து பத்திரிகைய அவர் கைல குடுங்க. ஸ்மைலி போட்டதுக்கு மன்னிப்பு கேளுங்க, ஊசி விஷயத்துக்கு கேக்க வேணாம், ரெண்டும் வேற வேற. கெணத்து தண்ணி கதைய மொதல்ல அவர் சொல்லட்டும், முழுசா கேளுங்க. ஊசிய மட்டும் அவர் சம்மதத்துக்காக தள்ளிப் போடாதீங்க, ஒம்போது மாசம் முடிஞ்சதும் போட்டுடுங்க, போட்டத மறைக்கவும் மறைக்காதீங்க. அவர் அன்னிக்கே சரின்னு சொல்ல மாட்டார், திரும்ப கத்தவும் கத்தலாம். ஊசி போட்டப்புறம் பாப்பாவுக்கு லேசா காச்சல் அடிச்சா மொத ஃபோன் அவருக்கு போடுங்க, டாக்டர் என்னா சொல்லி அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, காச்சல் விட்டப்புறம் கொழந்த வெளயாடறத அவரே வந்து பாக்கட்டும்.

காதுகுத்து எந்த கோயில்லன்னு எழுதவே இல்லயே. மாமா வந்தாரான்னும் சேத்து எழுதுங்க.

அன்புடன்
அண்ணன்