அரிசி ஆலையில் தரம் பார்ப்பது யார் வேலை?

மன்னார்குடி பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறீர்கள். தரம் பார்க்கும் பொறுப்பை வேலையாட்களிடமே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் அதிகாரத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

மூட்டை பிடிக்கிற இடத்தில் ஒருவர் நின்று நொய் அதிகம் என்று சொல்லும்போது நெல் அரைபட்டு முடிந்திருக்கும். அப்புறம் என்ன செய்ய முடியும்? அவித்த நெல்லை ட்ரையரில் அவசரமாகக் காயவைத்தால் மணிக்குள் விரிசல் விழும், அரவையில் உடையும். ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்கியதா என்று காட்டும் மீட்டர் அலுவலக மேசையில் கிடக்கக் கூடாது, ட்ரையர் ஓட்டுபவர் கையில் இருக்க வேண்டும். ஒரு பிடி நெல்லை உமி நீக்கிப் பார்த்து, “இன்னும் ஆறட்டும், அரவைக்கு விடாதீங்க” என்று நிறுத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும். டொயோட்டா கார் ஆலைகளில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ வேலையை நிறுத்தச் செய்யலாம், அதே முறைதான். நிறுத்தியவரைத் திட்டினீர்கள் என்றால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூட்டைக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தாலும் அதே கதிதான்.

சரி, தரம் பார்ப்பவரை அனுப்பிவிடலாமா? கூடவே கூடாது. மீட்டரைச் சரிபார்ப்பதும், புதியவர்களைப் பழக்குவதும், லோடு ஏறும் முன் மாதிரி எடுப்பதும் அவர் வேலை. குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவியும் நேரத்தில் இந்தப் புது முறையை ஆரம்பிக்காதீர்கள்.