யூதர்கள் தலையை மூடுவது எதற்காக?

கேள்வி: யூத ஆண்கள் உச்சந்தலையில் அணியும் சிறு தொப்பி அவர்களுடைய வேதம் இட்ட கட்டளையா? கூந்தலை மறைக்க வேண்டிய யூதப் பெண்கள், சொந்த முடியைவிட அழகான விக்கை மாட்டிக்கொண்டு வெளியே வருவது கடவுளை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. யூத வேதத்தின் மூலமான மோசேயின் ஐந்து நூல்கள் ஆசாரியர்களுக்குத் தலைப்பாகையை விதிக்கின்றனவே தவிர, மற்ற ஆண்கள் தலையை மூட வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. கிப்பா எனப்படும் அந்தத் தொப்பி, பக்தர்கள் தாமாக மேற்கொண்ட ஒழுக்கத்திலிருந்து வளர்ந்தது. இறைவனின் சந்நிதி தம் தலைக்கு மேல் இருக்கிறது என்பதால் ராவ் ஹூனா என்ற அறிஞர் நான்கு முழ தூரம்கூட வெறுந்தலையோடு நடந்ததில்லை என்கிறது, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தால்முத் என்ற நூல். மகன் திருடனாவான் என்று சோதிடர்கள் சொல்லக் கேட்ட தாய் ஒருத்தி, இறையச்சம் நிலைக்கும்படி தலையை மூடிக்கொள்ளச் சொல்லி அவனை வளர்த்ததையும், ஒருநாள் பேரீச்ச மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தபோது துணி நழுவிவிட, ஆசையை அடக்க முடியாமல் அந்த மகன் மரமேறிப் பிறருடைய குலையைப் பல்லால் கடித்தெடுத்ததையும் அதே நூல் சொல்கிறது. நான்கு முழக் கட்டுப்பாட்டை 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தம் சட்டநூலில் எல்லா ஆண்களுக்கும் உரியதாக எழுதினார். ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் மாமேதையான வில்னா காவோன், வெறுந்தலைக்குத் தடை எதுவும் இல்லை, தொழுகையிலும் பெரியோர் முன்னிலையிலும் மூடிக்கொள்வது பண்பு என்றே கருதினார்.

இரண்டாவது கேள்வியில் உள்ள குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கூந்தலை மறைக்கும் விதி மணமான பெண்களுக்கு மட்டுமே உரியது. அதையும் எல்லாப் பிரிவினரும் இன்று பின்பற்றுவதில்லை. கணவனின் சந்தேகத்துக்கு ஆளான பெண்ணின் தலைமுடியை ஆசாரியர் அவிழ்க்க வேண்டும் என்று, அந்த ஐந்து நூல்களில் ஒன்றான எண்ணாகமத்தின் 5ஆம் அதிகாரம் சொல்வதால், மற்ற நேரங்களில் அது மூடியிருக்க வேண்டும் என்று ரபிகள் எனப்படும் யூத மதகுருக்கள் முடிவு செய்தார்கள். மணமான பெண் தன் கூந்தலைப் பொதுவெளியில் காட்டலாகாது என்பதே அந்த விதியின் உள்ளடக்கம். அவள் அழகற்றவளாகத் தோன்ற வேண்டும் என்று அது கேட்கவில்லை. தாங்கள் எழுப்பிய ஐயம் அவர்களுக்குத் தோன்றாததும் அல்ல. கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இசர்லெஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே விக்கை அனுமதித்தார். இஸ்ரேலில் செபார்தி என்ற யூதப் பிரிவினரின் தலைமை ரபியாக இருந்த ஒவாதியா யோசேப் அதைக் கடுமையாக எதிர்த்துத் தலைத்துணியே தகும் என்றார். லுபாவிச் என்ற யூத சமய இயக்கத்தின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சனோ, துணி சங்கடம் நேரும்போது எளிதில் பின்னுக்கு நழுவவிடக்கூடியது, விக் அப்படி அல்ல என்ற காரணத்தால் விக்கையே வற்புறுத்தினார்.

இவர்கள் விதியை எவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்பதை 2004ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைக் கொண்டு அறியலாம்; நம்மில் பலர் மொட்டை போட்டுக்கொண்ட திருப்பதியோடு தொடர்புடைய நிகழ்ச்சி அது. விக்குகளுக்கான முடியில் ஒரு பகுதி திருமலையில் காணிக்கையாகத் தரப்பட்டு ஏலத்தில் விற்கப்படுவது என்று தெரியவந்தபோது, லண்டனிலிருந்து ஒரு ரபி நேரில் சென்று பார்த்து வந்தார். முடி களைவதே வழிபாடா, வழிபாட்டுக்கு முன்னான தூய்மைச் சடங்கா என்ற வாதம் எழுந்தது. அது வேறு தெய்வத்துக்கான படையல், எனவே அதனால் எப்பயனும் பெறலாகாது என்று ஜெருசலேமின் முதுபெரும் ரபி யோசேப் சாலோம் எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். நம் காணிக்கை அவர்கள் பார்வையில் இப்படிப் பொருள்படுவது நமக்கு உவப்பாக இராது; ஆனால் உருவ வழிபாட்டை விலக்குவது அவர்கள் சமயத்தின் அடிப்படை. பயனே பெறக்கூடாது என்றால் விற்கவும் வழியில்லை என்பதால், நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள். கடவுளை ஏமாற்ற நினைப்பவர்கள் அந்த முடி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கவே மாட்டார்கள்.