காங்கேயம் மேற்கு வானத்து வெளிச்சம்: மனு குடுத்தாச்சு, இனி?

ஏனுங்க, மூணு நாளா ராத்திரி ஏழரைக்குப் பல்லடம் பக்கம் ஒரே இடத்துல நின்னு, செவந்து, அரை மணியில மறையுற வெளிச்சம்னு எழுதியிருக்கீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல மனுவ வாங்கீட்டு வீடியோ கேட்டாங்கன்னும் சொல்றீங்க. நான் சிரிக்கமாட்டனுங்க.

எனக்கு வெள்ளிக் கோள் மேலதான் சந்தேகம். அடிவானத்துல நம்ம கண்ணுக்கும் அதுக்கும் நடுவுல காத்து அதிகம். அதனால செவந்து துடிக்கும். வானத்துல என்னன்னு தெரியாதது (பறக்கும் தட்டுன்னு சொல்றாங்கல்ல) தெரிஞ்சுதுன்னு வந்த புகார்கள அமெரிக்க விமானப்படை ப்ளூ புக்ங்கற பேர்ல விசாரிச்சு, 1969ல மூடுச்சு. 1947ல இருந்து சேந்த புகார் 12,618. அதுல 701தான் கடைசி வரைக்கும் வெளங்கல. வெளங்குன புகார்கள்ல வெள்ளியப் பாத்து ஏமாந்தவங்க நெறையப் பேருங்க.

உங்களுக்கு மேக்கால சூலூர் விமானப்படைத் தளமும் கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டும் இருக்குதுங்க. நேரா நம்மளப் பாத்து வர்ற விமான லைட்டும் அசையாத மாதிரியே தெரியும். ஆனா அது சில நிமிசந்தான், அரை மணி நிக்காது.

இன்னைக்குப் பொழுது சாஞ்சதும் ஒரு தென்னை மரத்துக்கு நேரா, நின்ன எடத்துலயே நின்னு பாருங்க. மெதுவா மரத்துக்குப் பின்னால எறங்குச்சுன்னா கோளுதான். வீடியோவ வாட்ஸப்ல அனுப்பீராதீங்க, தெளிவும் நேர விவரமும் போயிரும். போனோட கொண்டுபோய் அசலக் காட்டுங்க. ஆமா, மனு ரசீது வாங்கீட்டீங்களா?