ஜீப் பட்டறை: கேள்வி – பதில்

‘1944-ம் வருஷத்து ஃபோர்டு மிலிட்டரி ஜீப், அசல் வண்டி’ என்று சொல்லி ஒருவர் விலை பேசுகிறார். எதைப் பார்த்து நம்புவது?
– வாசகர், உசிலம்பட்டி

பாடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடியை எந்தத் தகரப் பட்டறையிலும் புதிதாக அடித்துவிடலாம். வண்டியின் வயசு அடிச்சட்டமான சேஸிஸில்தான் இருக்கிறது. முன்பக்கம் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால், அதே ராணுவ ஜீப்பைச் செய்த இன்னொரு கம்பெனியான வில்லிஸின் எம்.பி. மாடல். கவிழ்த்துவைத்த ‘ப’ மாதிரி இருந்தால் ஃபோர்டின் ஜி.பி.டபிள்யூ. மாடல். ஃபோர்டில் சேஸிஸ் நம்பர் இடது சட்டத்தின் மேற்பக்கத்தில் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும். வில்லிஸில் இடது சட்டத்தின் உட்புறம் ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பதித்தது. கழற்றாத பழைய போல்ட் ஒன்றைத் துடைத்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது முகம். போர்க்கால ஜீப்பின் கிரில்லில் 9 பிளவுகள். ஹெட்லைட்டைப் பின்னால் மடக்கினால் அதன் வெளிச்சத்திலேயே இன்ஜின் வேலை பார்க்கலாம். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும், பின்கதவு கிடையாது. 7 பிளவு, பின்கதவு, பாடிக்கு வெளியே பெட்ரோல் மூடி என்றிருந்தால் அது சி.ஜே. வகை, அதாவது சிவிலியன் வண்டி. பானெட் உயரமாக நின்றால் பெரும்பாலும் சி.ஜே. 3பி, மகிந்திரா நம் நாட்டில் பல வருஷம் செய்த மாடல். அதன் இன்ஜினில் இன்டேக் வால்வு மேல்பகுதியான ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கின்றன. இன்ஜின் உயரம் கூடியதால் பானெட்டும் உயர்ந்தது. நல்ல வண்டிதான், தாராளமாக வாங்குங்கள். ஆனால் சி.ஜே. விலைக்கு வாங்குங்கள்.

சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி கிரைண்டர் தடமோ வெல்டிங்கோ தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். எந்தப் பட்டறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

என் ஜீப்புக்கு ராணுவப் பச்சை அடிக்க ஆசை. அடிக்கலாமா?
– வாசகர், தெப்பக்குளம்

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 121-வது விதி ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. மணல் நிறமோ சாம்பலோ பளபளப்பில்லாமல் அடித்தால் பழைய ஜீப்புக்கு அழகாகவே அமையும். எந்த நிறமானாலும் ஆர்.சி.யில் ஏற்றிய பிறகு ஓட்டுங்கள்.

ஆர்.சி. என்றதும் இன்னொன்று: 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் ‘வி.ஏ.’ வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவோடு தினசரி ஓட்டம் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போகிறவர் பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

மதிய வெயிலில் அழகர்கோவில் போய் வண்டியை நிறுத்தினால், அரை மணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆவதில்லை. சாயங்காலம் ஒரே அடியில் எடுக்கிறது. பெட்ரோல் இன்ஜின்.
– வாசகர், ஒத்தக்கடை

சூட்டில் வரும் கோளாறு. அது பெட்ரோலிலா கரண்டிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வண்டி நின்றதும் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை இழுத்தபடி கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் சந்தேகம், ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில், கண்டன்சர் பக்கம் போகிறது. கண்டன்சர் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது சகஜம். விலை குறைந்த சாமான்தான். மாற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளியை அரை மில்லிமீட்டரில் வையுங்கள்.

பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால், இன்ஜின் பக்கவாட்டில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷம் காத்திருங்கள். அதன்பின் எடுத்தால், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிப் பூட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். ஓடும்போது ஃபேன் காற்று பம்ப்பைக் காப்பாற்றுகிறது. நிறுத்தியதும் எக்ஸாஸ்ட் சூடு முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் முன்னைவிடச் சீக்கிரமே ஆவியாகிறது. கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், திருப்பி அடித்தால் தீப்பிடிக்கும்.

பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். பம்ப்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு, கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைக் கடத்தாத தடித்த பேக்லைட் பேக்கிங் வையுங்கள். பம்ப்புக்குள் உள்ள சவ்வான டயாப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊறி உரிந்து, கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்க்கில் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். எலெக்ட்ரிக் பம்ப் போடுவதானால் டேங்க் பக்கம் போடுங்கள். அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒயர் கொடுப்பது கட்டாயம்.

ரேடியேட்டரையும் கவனியுங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் ஊற்றுங்கள். இன்றைய காரின் 13 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டினால் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுவிடும்.

நாற்பது, ஐம்பதில் போகும்போது ஸ்டீரிங் கையை உதறுகிறது. டயர் பேலன்ஸ் செய்தும் தீரவில்லை.
– வாசகர், திருமங்கலம்

முன் வீலை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் முதலில் வீல் பேரிங்கை இறுக்குங்கள். அப்படியும் ஆடினால், வீல் இடம்-வலம் திரும்பும் அச்சான கிங்பின்னில் கோளாறு. இரு வீல்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, வீலைத் தாங்கும் நக்கிளைக் கையால் திருப்பினால் லேசான ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். தானாகச் சுழன்று விழுந்தால் கிங்பின் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய தகடான ஷிம்மைக் குறைக்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டியது, ஸ்டீரிங் அசைவை வீல்களுக்குக் கடத்த முன் குறுக்குச் சட்டத்தில் உள்ள பெல் கிராங்க். இதன் அச்சாணியும் பேரிங்கும் தேய்ந்ததைப் பலரும் பார்க்காமல், ஸ்டீரிங் பாக்ஸைக் குறைசொல்லி அதை இறுக்கிக் கெடுக்கிறார்கள். முன் வீல்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவான டோ-இன் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர்.

சிறுமலைக்கு சி.ஜே. 3பி-யை ஓட்டிப்போகலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

போகலாம். 18 கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு வீலில் ஹோஸ் வெடித்தாலும் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். எனவே வெடிப்பு விட்ட ஹோஸ் ஒன்று இருந்தாலும் அன்று கிளம்ப வேண்டாம். ஹேண்ட் பிரேக், ஃபோர் வீலுக்கான எக்ஸ்ட்ரா கியர் பெட்டியின் பின்னால், பின் வீலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்டின் இணைப்பான கிராஸ் உடைந்தால் அது வீலைப் பிடிக்காது. சரிவில் நிறுத்தினால் கல் முட்டுக்கொடுங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட வேண்டாம். வளைவில் முன், பின் வீல்கள் ஓடும் தூரம் வேறுபடுவதால் லிவர் இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டால் நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், கழன்றுவிடும்.