பெட்ரோல் பங்க் வேலையும் ரத்த அணுக்களும்

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகப் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறார். எப்போதும் அசதி என்கிறார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12.2, வெள்ளை அணுக்கள் 3,500, தட்டணுக்கள் 1,35,000. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் வாடையால் இப்படி ஆகுமா? மாஸ்க் போட்டால் போதுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆகலாம். ஹீமோகுளோபின் மட்டும் குறைந்திருந்தால் நானும் இவ்வளவு யோசிக்க மாட்டேன், நம் ஊரில் அது சர்வசாதாரணம். ஆனால் மூன்று வகை அணுக்களுமே கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன, அதுதான் உறுத்துகிறது. மூன்றும் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. பெட்ரோலில் உள்ள பென்சீன், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய், கல்லீரலில் உடைந்து, அந்தக் கழிவுகள் மஜ்ஜையைத்தான் பதம் பார்க்கும். நம் நாட்டில் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. கேட்கச் சொற்பம்தான், ஆனால் நாள் முழுக்க வண்டி டேங்க் வாயருகே நிற்பவருக்கு அது சொற்பமில்லை. அளவுக்கு மீறிப் போனால் மஜ்ஜை செயலிழக்கலாம், ரத்தப் புற்றுநோயும் வரலாம்.

அதற்காக இன்றே பதறாதீர்கள். வைரஸ் காய்ச்சல், பி12 குறைபாடு, சில மாத்திரைகள், இவற்றாலும் இதே மாதிரி இறங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழு ரத்த அணுப் பரிசோதனையை மறுபடி எடுங்கள், கூடவே ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையும் பி12 அளவும். பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள், வருடா வருடம் இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதுதான் முக்கியம். டாக்டரிடம் ‘பிரைவேட்டில் வேலை’ என்று முடித்துவிடாமல் பெட்ரோல் பங்க் என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். மறுபடியும் குறைவாகவே வந்தால் ரத்தநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, விடாத காய்ச்சல், இதில் ஏதாவது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாஸ்க்? துணி மாஸ்க்கும் என்95-ம் தூசியைத்தான் பிடிக்கும், ஆவி அதில் நிற்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். டேங்கர் லாரி லோடு இறக்கும்போதும், நிலத்தடி டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்க்கும்போதும் காற்று வரும் பக்கம் நிற்பது பெரிய உதவி. நாசில் தானாக நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவார்களே, அதை விடச் சொல்லுங்கள். கிரீஸ் போக பெட்ரோலில் கை கழுவுவது கூடவே கூடாது. யூனிஃபார்மைத் தனியாகத் துவையுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதிலும் பென்சீன்தான். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள், பென்சீனால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன.

கேள்வி: மெக்கானிக் ஷெட்டில் வண்டியை ஓடவிட்டு வேலை பார்த்தால் தலை வலிக்கிறது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98 காட்டுகிறதே?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்த 98-ஐ நம்பாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஷட்டரைத் திறந்து வையுங்கள், முடிந்தால் வண்டியை வெளியே தள்ளிப் பாருங்கள். தலைவலி இருக்கும்போதே போய் ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சுத்தமான காற்றில் நாலைந்து மணி நேரத்தில் அது பாதியாகிவிடும், மறுநாள் காலையில் எடுத்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும்.