சிறுதொழில் கேள்வி–பதில்

அம்பத்தூரில் நான்கு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். பெரிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. சம்பளம் கொடுக்க முடியாமல் ஆட்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

உண்டு. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தரும் கெடு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக.

பலர் கோட்டை விடுவது சரக்குடன் போகும் சீட்டான டெலிவரி சலானில். சரக்கு இறங்கிய அன்றே தேதியுடன் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். சரக்கில் குறை இருந்தால் கம்பெனிக்காரர்கள் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு) முடிந்திருக்கட்டும். அந்தப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். கெடு தாண்டிய தொகையைக் கொடுத்துத் தீர்க்கும்வரை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டினாலே பாதிப் பணம் நகரும்! நகராவிட்டால் பர்ச்சேஸ் ஆர்டர், பில், சலானுடன் இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்கும் அரசு அமைப்பான வசதியாக்க கவுன்சிலில் ஆன்லைனில் மனு போடுங்கள். தீர்ப்பை எதிர்க்க அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் முதலில் இன்னொரு வாடிக்கையாளரைப் பிடியுங்கள்.

உத்யம் பதிவுக்கு ரூ.2,500 கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். அரசுத் தளத்தில் ஆதார், பான் இருந்தால் இலவசம். கட்டணம் கேட்பவை தனியார் தளங்கள்.