தண்ணி பிளாண்ட் ஆபரேட்டர் வேலை, குழாய்த் தண்ணி – கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன் (கடலூர்)

வணக்கம். கடலூர் மாவட்டத்துல ஒரு குடிதண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல ஷிப்ட் ஆபரேட்டரா இருக்கேன். தண்ணி உள்ள வந்து, படிகாரம் போட்டு, கசடு இறங்கி, மணல் ஃபில்டர்ல வடிஞ்சு, குளோரின் ஏறி வெளிய போற வரைக்கும் பாக்குற வேலை. உங்க கேள்விங்களுக்கு ஒண்ணொண்ணா வரேன்.

திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து ஒரு அக்கா: தம்பி, சில நாள் தண்ணியில மருந்து வாடை குப்புனு அடிக்குது, டீயே குடிக்க முடியல. இவ்ளோ போடணுமா?

வாடை வர்றது நல்ல சேதிதான் அக்கா. குளோரின் கலந்து அரை மணி நேரமாவது தண்ணி நிக்கணும், அப்பதான் கிருமி சாகும். அதுக்கு மேலயும் கொஞ்சம் மிச்சம் இருந்தாகணும், ஏன்னா பிளாண்ட்ல இருந்து உங்க வீட்டு குழாய் வரைக்கும் எத்தனையோ வால்வு, ஜாயிண்ட், பழைய பைப்பு, மேல்நிலைத் தொட்டின்னு தாண்டி வருது, வழியில அழுக்கு சேந்தா அத அடிக்க மிச்ச குளோரின்தான் இருக்கு. குடிதண்ணிக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 10500 கணக்குப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். போற வழியில குறைஞ்சுகிட்டே போகும்ங்கறதால நாங்க விடும்போது கூட வெச்சு விடுவோம், அதனால தொட்டிக்கு பக்கத்து தெருவுல வாடை அடிக்கும், லைன் முடியுற தெருவுல ஒண்ணுமே தெரியாது. என்னைக் கேட்டா பிளாண்ட் வாசல்ல எடுக்குற ரீடிங்க விட கடைசி வீட்டு குழாய்ல எடுக்குற ரீடிங்தான் முக்கியம், ஆனா அங்க போய் பாக்கத்தான் ஆள் விடமாட்டேங்குறாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் இதுல. நீங்க ராத்திரியே குடத்துல புடிச்சு மேல சுத்தமான துணி போட்டு மூடி வைங்க, காலையில வாடை பெரும்பாலும் போயிடும்.

கடலூர் ஓ.டி.ல இருந்து: காலையில தண்ணி விட்டதும் முதல் அஞ்சு நிமிஷம் சாக்கடை வாடையோட வருது, அப்புறம் சரியாயிடுது. பிளாண்ட்லயே ஒழுங்கா சுத்தம் பண்றதில்லயா?

பிளாண்ட்லயே கெட்டுப்போய் வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாகாது சார், தெரு முழுக்க கடைசி வரைக்கும் அப்படியேதான் வந்திருக்கும். நம்ம ஊருங்கள்ல தண்ணி நேரம் வெச்சுதானே விடுறாங்க, விடாத நேரத்துல பைப்பு காலியா, பிரஷர் இல்லாம கிடக்கும். எங்கயாவது ஜாயிண்ட் விட்டுப்போயி அது மேல சாக்கடை ஓடுனா அந்தத் தண்ணி உள்ள இறங்கிடும். இதுல இன்னொரு கொடுமை, லைன்லயே நேரா மோட்டார மாட்டி உறிஞ்சுறது. மோட்டார் இழுக்குற இழுப்புக்கு பைப்புல தண்ணி பத்தலன்னா ஓட்டை வழியா மண்ணுல இருக்குறத எல்லாம் சேத்து இழுக்கும், அது மோட்டார் போட்டவர் வீட்டுக்கு மட்டும் போறதில்ல, அந்த லைன்ல இருக்க அத்தனை வீட்டுக்கும் போகுது. வாந்திபேதி ஒரு தெருவுல மட்டும் வந்தா நாங்க முதல்ல சந்தேகப்படுறது இதத்தான். தயவுசெஞ்சு சொல்றேன், ஸம்ப் கட்டி அதுல தானா விழுற தண்ணிய மோட்டார் போட்டு ஏத்திக்கோங்க, லைன்ல மாட்டாதீங்க. வாடையா வர்ற தண்ணிய குடிக்க புடிக்காம, எந்த வீட்டுல இருந்து எந்த வீடு வரைக்கும் அப்படி வருதுன்னு தெருக்காரங்கள்ட்ட கேட்டு ஃபிட்டர்கிட்ட சொல்லுங்க, அவருக்கு ஓட்டைய தேட அது பாதி வேலை.

நெய்வேலி பக்கத்துல இருந்து ஒரு அம்மா: எங்க வீட்டுக்காரருக்கு குளோரின் ரூம்ல டூட்டி. கேஸ் லீக் ஆனா என்ன ஆகும்னு நினைச்சாலே தூக்கம் வரல.

பயம் நியாயம்தான்மா, சும்மா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். பெரிய பிளாண்ட்ல குளோரின் டன்னர்ங்கற பெரிய இரும்பு உருளையில வரும், ஒண்ணுல கிட்டத்தட்ட 900 கிலோ, உள்ள திரவமா இருக்கும். அது கேஸா மாறுனா 450 மடங்குக்கு மேல விரியும். காத்த விட ரெண்டரை மடங்கு கனம்ங்கறதால தரையோட தரையா, பள்ளத்துல போய் தேங்கும், அதனாலதான் அந்த ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன தரை பக்கம் வெப்பாங்க. லீக்குன்னா குனிஞ்சு உக்காரக் கூடாது, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதோ அந்தப் பக்கமா மேட்டுக்கு நடக்கணும். சின்ன லீக் எங்கன்னு தெரியலன்னா அமோனியா நனைச்ச பஞ்ச குச்சியில கட்டி கிட்ட காட்டுவோம், லீக் இருக்க இடத்துல வெள்ளையா புகை வரும். லீக் ஆகுற இடத்துல தண்ணி அடிக்கவே கூடாது, அமிலமாகி ஓட்டைய இன்னும் பெருசாக்கிடும். திரவமா ஒழுகுச்சுன்னா டன்னர உருட்டி ஓட்டை மேல் பக்கம் வர்ற மாதிரி வெப்பாங்க, அப்ப கேஸா மட்டும் வரும், அளவு ரொம்ப குறையும்.

அவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. முதுகுல காத்து சிலிண்டரோட மாட்டுற செட் இருக்கா, பெரிய லீக்குக்கு டப்பா வெச்ச மாஸ்க் தாங்காது. அந்த செட் குளோரின் ரூமுக்கு வெளிய இருக்கா, உள்ள வெச்சிருந்தா லீக் ஆனப்ப எப்படி போய் எடுப்பாங்க. டன்னர் மாத்தும்போது ரெண்டாவது ஆள் கூட நிக்கிறாரா. ராத்திரி ஷிப்ட்ல ஒத்த ஆள வெச்சு டன்னர் மாத்த சொல்றது தப்பு, எந்த இடத்துல நடந்தாலும் தப்பு. மூணுல ஒண்ணு இல்லன்னாலும் அவர எழுத்துல கேக்கச் சொல்லுங்க, வாயால கேட்டா காத்துல போயிடும்.

சேத்தியாத்தோப்புல இருந்து: வீராணம் தண்ணி எங்க ஊர் வழியா சென்னைக்கு போகுதுன்னு தெரியும், நடுவுல என்னதான் நடக்குது?

கீழணையில இருந்து வடவாறு வழியா ஏரிக்கு தண்ணி வருது, ஏரி முழு மட்டம் 47.5 அடி. உங்க ஊர்ல இருந்து பம்ப் பண்ணி வடக்குத்து கொண்டு போய் அங்கதான் சுத்திகரிப்பு, ஒரு நாளைக்கு 180 மில்லியன் லிட்டர் திறன், 2004ல ஓட ஆரம்பிச்சது. அங்கருந்து கடாம்புலியூர் வரைக்கும் பம்பிங், அதுக்கப்புறம் போரூர் வரைக்கும் சரிவுலயே ஓடுது.

விருத்தாசலத்துல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற தங்கச்சி: படிகாரம் எவ்ளோ போடணும்னு எப்படி முடிவு பண்றீங்க? பொண்ணுங்க இந்த வேலைக்கு வரலாமா அண்ணா?

தாராளமா வரலாம்மா, லேப்ல பொண்ணுங்க இருக்காங்க. ஷிப்டுக்கும் வரணும், அதுக்கு ராத்திரி வண்டி, டாய்லெட் வசதி எல்லாம் நிர்வாகம் செஞ்சு தரணும். படிகாரத்துக்கு ஜார் டெஸ்ட் பண்ணுவோம். ஆறு ஜார்ல ஒரு லிட்டர் ஒரு லிட்டரா அன்னைக்கு வந்த தண்ணிய ஊத்தி, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற அளவு படிகாரம் விட்டு, ஒரு நிமிஷம் வேகமா கலக்கி, அப்புறம் கால் மணி இருபது நிமிஷம் மெதுவா கலக்கி, அரை மணி அசையாம விடுவோம். பஞ்சு பஞ்சா சேந்து எதுல நல்லா அடியில இறங்கியிருக்கோ அந்த அளவு. ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டும்போது காலையில பாத்த அளவு சாயங்காலத்துக்கு ஆகாது, திரும்ப போடணும். சந்தேகத்துக்கு கூட கொஞ்சம் போட்டுக்கலாம்னும் விடக்கூடாது, அதிகமானா பிஹெச் இறங்கும், அலுமினியமும் தண்ணியில தங்கும்.

முதலியார்பேட்டையில இருந்து: புதுச்சேரில எங்களுக்கு போர் தண்ணிதான், டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுது. குளோரின் போட்டா சரியாகுமா, ஆர்ஓ வாங்கணுமா?

டிடிஎஸ்னா தண்ணியில கரைஞ்சிருக்க உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்ங்கற அளவு. குளோரின் கிருமிக்கு மட்டும்தான், உப்பு அப்படியேதான் இருக்கும். மணல் ஃபில்டர்லயும் போகாது, கொதிக்க வெச்சா தண்ணி சுண்டி உப்பு இன்னும் கூடும். டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு ஐஎஸ் 10500ல இருக்கு, 900 உப்பு கரிக்கும், ஆர்ஓ வெச்சா தப்பில்ல. ஆனா அந்த மீட்டர் கிருமிய காட்டாதுங்கறத மறக்காதீங்க, 150 காட்டுற தண்ணியிலயும் வாந்திபேதி வரும். கடலோரத்துல ஆளாளுக்கு ஆழமா போர் போட்டு உறிஞ்சுனா கடல் தண்ணி உள்ள ஏறத்தான் செய்யும், உங்க மீட்டர்ல வருஷா வருஷம் ஏறுதான்னு குறிச்சு வைங்க.

பாகூர்ல இருந்து: ஃபெஞ்சல் புயலப்போ தென்பெண்ணை வெள்ளத்துல எங்க கிணறு முழுகிடுச்சு. மறுபடி அப்படி ஆனா என்ன பண்றது?

வெள்ளம் வடிஞ்சதும் தெளிவா வர்ற வரைக்கும் இறைச்சு வெளிய விடுங்க. அப்புறம் கிணத்துல இருக்க தண்ணி 1000 லிட்டருக்கு 150 கிராம் கணக்குல ப்ளீச்சிங் பவுடர கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி விட்டுட்டு, வாடை போற வரைக்கும் மறுபடி இறைங்க. கிருமி டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தளதளன்னு கொதிக்க வெச்சுதான் குடிக்கணும், குழந்தைங்களுக்கு வாய் கொப்பளிக்கக் கூட கொதிக்க வெச்ச தண்ணிதான்.

பண்ருட்டி பக்கம் ஊராட்சியில தொட்டி ஆபரேட்டர்: அண்ணே, 30,000 லிட்டர் தொட்டி. தினமும் ப்ளீச்சிங் பவுடர கையால அள்ளி போடுறேன், கணக்கு சரியான்னு தெரியல.

1000 லிட்டருக்கு 4 கிராம், அப்ப உங்களுக்கு 120 கிராம். கையால அள்ளாதீங்க தம்பி, ஒரு டப்பாவுல 120 கிராம் நிறுத்து கோடு போட்டு வெச்சுக்கோங்க. பவுடர நேரா தொட்டியில கொட்டாம பக்கெட்ல கூழா கரைச்சு, தண்ணி ஊத்தி, சுண்ணாம்பு அடியில இறங்குனதும் மேல தெளிஞ்சத மட்டும் ஊத்துங்க. மூட்டைய திறந்து போட்டா நம்ம கடக்காத்து ஈரத்துல வீரியம் போயிடும், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்ல வைங்க. ஊத்துனதுல இருந்து அரை மணி கழிச்சு வால்வ திறந்து, கடைசி தெரு குழாய்ல குளோரோஸ்கோப்ல (மிச்ச குளோரின மஞ்சள் நிறத்த வெச்சு காட்டுற சின்ன பெட்டி) பாருங்க, மஞ்சளே வரலன்னா அடுத்த நாள் ஒரு 30 கிராம் கூட்டிப் பாருங்க, அப்பவும் வரலன்னா பவுடர் செத்துடுச்சு இல்ல லைன்ல எங்கயோ ஓட்டை, உடனே ஆபீஸ்ல சொல்லிடுங்க.